பாயா தெருபோங் மேட்டில் நகர்ந்த கார்: ஹேண்ட்பிரேக் கேபிள் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில் குடியிருப்பவரின் கார் இது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று சமையல் எடுத்துச் செய்வது தொழில். கார் 1999இல் பதிவான புரோட்டோன் வீரா 1.5, கையால் கியர் மாற்றும் வகை, பின்சக்கரங்களில் டிரம் பிரேக். புதிதாக வாங்கிய நாள் முதல் அவர் கையில்தான் இருக்கிறது. எஞ்சின் ஆயில், டயர், பேட்டரி எல்லாம் நேரத்துக்கு மாற்றுகிறவர். ஹேண்ட்பிரேக் கேபிள்கள் இரண்டும் மட்டும் தொழிற்சாலையில் மாட்டியவை, ஒருமுறைகூடக் கழற்றப்பட்டதில்லை.

இந்தக் கதை புரிய அவர் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் வீடுகள் அதிகம், வண்டி நிறுத்தும் கட்டங்கள் குறைவு. இரவு வேலை முடித்துத் தாமதமாக வருகிறவருக்கு எப்போதும் இரண்டாம் வரிசைதான். அங்கே நிறுத்தினால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காரின் சொந்தக்காரர் காலையில் கையாலேயே தள்ளி வழி எடுத்துக்கொள்வார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறதியாக ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டவர் விடிவதற்குள் ஹாரன் சத்தத்துக்கு எழுந்து, லிஃப்டில் இறங்கி, நாலு பேர் முறைப்பதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, இந்தக் காரின் ஹேண்ட்பிரேக் மாதக்கணக்கில் தொடப்படாமலேயே கிடந்திருக்கிறது.

இன்னொன்று, 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளம். அந்த இரவு கார் உறவினர் வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதி வரை ஏறியது என்று அவர் சொன்னார். வடிந்த பிறகு இருக்கைக்குக் கீழே விரிப்பைக் காய வைத்தார்கள். அடிப்பாகத்தை யாரும் பார்க்கவில்லை.

மலேசியாவில் டாக்ஸி, பேருந்து, லோரி போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். தனியார் காருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும்போது போனால் உண்டு. கை மாறாத ஒரு காரின் ஹேண்ட்பிரேக்கைப் பரிசோதனை நிலையத்தின் ரோலரில் ஏற்றி, எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று இருபது வருடத்துக்கு மேலாகவும் ஒருவரும் அளக்காமல் போக முடியும். இங்கே அதுதான் நடந்தது.

சம்பவத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு லீவர் மிக உயரமாக ஏறுகிறது என்று அவர் ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார். அங்கே லீவரின் அடியில் இருக்கும் நட்டை முறுக்கி, லீவரைக் கீழேயே பிடிக்கும்படி செய்து கொடுத்திருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றவில்லை.

சம்பவம்

தைப்பூசத்துக்கு முந்தைய நாள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குச் சமையல் அவர் பொறுப்பு. பாத்திரங்கள் பாயா தெருபோங்கில், மேட்டுத் தெரு ஒன்றில் இருக்கும் தங்கை வீட்டில் இருந்தன. காரை மேடு நோக்கி நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கியர், வழக்கப்படி, நியூட்ரல்.

கார் நின்றது. பத்து கிலோ அரிசி மூட்டைகளும், 14 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றும் ஏறும்வரையிலும் அசையவில்லை. தங்கை மகன் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிப் பின்பெட்டியில் வைத்துத் தள்ளியபோதுதான் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர ஆரம்பித்தது. அவன் பக்கவாட்டில் குதித்துவிட்டான். கார் பின்னோக்கி உருண்டு, இடது பின்சக்கரம் சாலையோர லொங்காங்கில் (வடிகாலில்) இறங்கி நின்றது. பம்பர் உடைந்தது. யாருக்கும் அடி இல்லை. பின்னால் இன்னொருவர் நின்றிருந்தால் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடியாது.

"மாமா, ஹேண்ட்பிரேக் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்டா. வந்து பாரு, லீவர் மேலதான இருக்கு!"

இரண்டு பேருமே சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். இழுவை லோரி வந்து தூக்கியபோதும் லீவர் மேலேதான் இருந்தது.

பட்டறையில் கண்டது

கார் ஜெலுத்தோங்கில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டறைக்கு வந்தது. முதலில் லீவரை இழுத்துப் பார்த்தோம். நான்கு 'டக்' சத்தத்தில் கல் மாதிரி நின்றுவிட்டது. இந்த வகைக் கார்களில் பொதுவாக 5 முதல் 7 வரை இருக்க வேண்டும். கையை மட்டும் நம்புகிறவர் 'ரொம்ப நல்ல ஹேண்ட்பிரேக்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். கூடவே இருந்த பையன் அதைத்தான் சொன்னான்: "அண்ணே, இது டைட்டாதான இருக்கு. அவரு போட மறந்திருப்பாரு."

முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினோம். லீவரை முழுதாக இழுத்துவிட்டு இடது பின்சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். ஒரு கையால் சுற்றியது. வலது சக்கரம் அசையவில்லை. பிறகு லீவரை முழுதாக இறக்கினோம். இடது அப்போதும் சுலபமாகச் சுற்றியது. வலது மட்டும் உள்ளே எதையோ உரசிக்கொண்டு, தள்ளிய இடத்திலேயே நின்றது. இடது பிடிக்கவே இல்லை. வலது விடவே இல்லை. பையன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

நடுவில் இருக்கும் கன்சோல் மூடியைக் கழற்றியபோது காரணம் பாதி தெரிந்தது. லீவரின் இழுப்பை இரண்டு கேபிள்களுக்கும் சமமாகப் பங்கிட ஈக்குவலைசர் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். கேபிள்கள் இரண்டும் ஒரே அளவு நகர்ந்தால் அது நேராக இருக்கும். இங்கே அது ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது. சரிசெய்யும் நட்டு, மரையின் கடைசி வரை ஏற்றப்பட்டிருந்தது. இன்னும் முறுக்க இடமே இல்லை.

இடது கேபிளைத் தடவிக்கொண்டே போனால், பின்சக்கரத்தைத் தாங்கும் பின் ஆர்மில் அதைப் பிடித்திருக்கும் பட்டைக்குப் பக்கத்தில் மேலுறை வெடித்திருந்தது. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் வளைவது அந்த இடத்தில்தான். உறைக்குள் இருக்கும் சுருள் கம்பி துருவேறி விரல் தடிமனுக்கு உப்பியிருந்தது. இரண்டு முனைகளையும் கழற்றி, பிளையரால் பிடித்து இழுத்தும் உள்கம்பி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. வலது கேபிள் இழுத்தால் வந்தது. விட்டால் திரும்பிப் போகச் சோம்பல்பட்டது. டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்கால் அதை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

டிரம்களைக் கழற்றுவது தனி வேலை. இரண்டும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. சுத்தியலால் அடிப்பதற்கு முன், டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருப்பதைப் பார்க்க வேண்டும். 8 எம்.எம். போல்ட் இரண்டை அவற்றில் மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே சரி.

வலது டிரம்மில் சூடு பட்ட நீலக் கறை. டிரம்மின் உட்புறத்தில் அழுந்திச் சக்கரத்தைப் பிடிக்கும் ஷூவின் லைனிங் (உரசும் மேற்பூச்சு) தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் அளவில் நின்றது. அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்தது. இடப்பக்கம் இதற்கு நேர் எதிர். லைனிங் தடிமனாக இருந்தாலும், ஷூவை வெளியே தள்ளிக்கொடுக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் துருவில் இறுகிவிட்டது. பெடலை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் பிரேக் ஆயில் கசிந்த ஈரம்.

ஏன் முதலில் நின்றது, ஏன் பிறகு நகர்ந்தது

இறுகிய கேபிள் லீவருக்கு ஒரு முளைக்கம்பாக ஆகிவிடுகிறது. கை இழுக்கும் விசையில் பாதி அந்தப் பக்கம் போய், உறையின் துருவிலேயே செத்துவிடுகிறது. கைக்கு என்னவோ நல்ல இறுக்கம் தெரியும். மீதிப் பாதி வலது சக்கரத்துக்குப் போகிறது. அங்கேயும் ஷூ பளபளத்துப் போனதால் பிடிப்பு பாதிக்குப் பாதி. மேடு நோக்கி நின்றதால் காரின் எடை பின்சக்கரங்களின் பக்கம் சாய்ந்து கொஞ்சம் உதவியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து வண்டியை மயிரிழையில் நிறுத்தி வைத்திருந்தன. சுமை ஏற ஏறக் கீழே இழுக்கும் விசை கூடியது. அண்டா வைத்த குலுக்கலில் பிடி விட்டுவிட்டது.

முந்தைய பட்டறை நட்டை முறுக்கியது இதைக் குணப்படுத்தவில்லை, மறைத்துவிட்டது. லீவர் உயரமாக ஏறியது ஷூ தேய்ந்ததற்கும் கேபிள் கெட்டதற்கும் அடையாளம். நட்டை முறுக்கியதும் அந்த அடையாளம் போய்விட்டது, நோய் அப்படியே இருந்தது. மேலும், வலது பிரேக் அன்றிலிருந்து முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடி, மிச்சமிருந்த லைனிங்கையும் தின்றுவிட்டது. கொஞ்ச நாளாக வண்டி கனமாக ஓடுவது போலிருந்தது என்று பெரியவர் சொன்னார். பெட்ரோல் மேல் பழி போட்டிருக்கிறார்.

வெள்ளமா, கடல் காற்றா, இருபது வருட மழையா, எது கேபிளைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பில் மேலுறை முதலில் வெடித்திருக்கிறது, வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தினமும் இழுத்து விடப்பட்டிருந்தால் கம்பி இவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்காது, அல்லது இறுகுவது முன்பே தெரிந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

எண்ணெய் ஊற்றி ஊற வைத்து கேபிளை ஓட வைக்கலாமா என்று அவர் கேட்டார். ஓட வைக்கவும் முடியலாம். ஆனால் உறை வெடித்த கேபிளுக்குள் அடுத்த மழையே மறுபடி தண்ணீரைக் கொண்டுவரும். அதனால் வேண்டாம் என்றோம்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்பது அடுத்த கேள்வி. வலது கேபிளும் அதே வயதுதான், திரும்பிப் போகவும் மறுக்கிறது. புதியது ஒரு பக்கமும் பழையது ஒரு பக்கமும் இருந்தால் ஈக்குவலைசர் மறுபடி சாயும். கன்சோல், டிரம், ஷூ எல்லாம் எப்படியும் கழற்றியாகிவிட்டது. இரண்டாவது கேபிளுக்குப் பெரிதாகக் கூலி கூடாது. இரண்டையும் மாற்றுவதென்று முடிவானது. கூடவே ஷூக்கள் இரு பக்கமும், வீல் சிலிண்டர்கள் இரண்டும், ஸ்பிரிங் செட்டும். டிரம்களைக் கடைசல் பட்டறையில் கொடுத்து லேசாகச் சீவினோம். உள்விட்டம் அனுமதித்த அளவுக்குள் இருந்ததால் புதிது வாங்கவில்லை.

பழைய பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் கேபிள் மலிவாகக் கிடைக்கும் என்று அவருடைய நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு என்றால் நானே அங்கே அனுப்புவேன். கேபிளுக்குக் கூடாது. உள்ளே எவ்வளவு துரு என்று கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருளை, அதே வயதுள்ள இன்னொரு காரிலிருந்து எடுத்து மாட்டுவதில் அர்த்தமில்லை.

வேலை நடந்த விதம்

வந்த பெட்டியில் இரண்டு கேபிள்கள் இருந்தன. பழையவற்றைத் தரையில் நீட்டிப் போட்டு, பக்கத்தில் புதியவற்றை வைத்துப் பார்த்தபோது இரண்டுமே வலப்பக்கத்துக்கானவை என்று தெரிந்தது. இடது, வலது கேபிள்களுக்கு நீளமும் பிடிப்புப் பட்டைகளின் இடமும் வேறு. பின்னால் டிஸ்க் உள்ள வகைக்கும் தனிக் கேபிள் உண்டு. கடைக்குத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதில் அரை நாள் போனது. மாட்டிய பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.

பழைய கேபிளை டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடான பேக் பிளேட்டிலிருந்து எடுப்பதுதான் பலரும் திணறும் இடம். கேபிள் முனையில் விரிந்த நாக்குகள் இருக்கும். அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வெளியே வரும். 12 எம்.எம். ரிங் ஸ்பேனரை முனையில் கோத்து அமுக்கினால் எல்லா நாக்குகளும் ஒன்றாகப் படியும்; பிறகு பின்னாலிருந்து இழுத்தால் வந்துவிடும். இடது பக்கம் துருவினால் அதுவும் வரவில்லை. எப்படியும் தூக்கிப் போடுவதுதான் என்பதால் கேபிளை வெட்டிவிட்டு நாக்குகளை ஒவ்வொன்றாக வளைத்து எடுத்தோம்.

புதிய கேபிளைப் பழைய பாதையிலேயே, ஒரு பட்டையும் விடாமல் கொண்டுபோனோம். ஒரு பட்டையை விட்டால் கேபிள் தொங்கி எக்ஸாஸ்ட் குழாயைத் தொடும், அல்லது சக்கரம் இறங்கும்போது இறுகும். தரையைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று உள்ளேயும் வெளியேயும் பார்த்தோம். உள்ளே நைலான் பூச்சு உள்ள புதுக் கேபிளுக்கு எண்ணெய் விடத் தேவையில்லை. விட்டால் தூசிதான் சேரும். ஷூவோடு சேரும் நெம்புகோலின் அச்சில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு.

அப்புறம்தான் சரிசெய்தல். வரிசை முக்கியம். முதலில் லீவரடி நட்டை முழுதாகத் தளர்த்தி, கேபிள்கள் தொய்வாக இருக்கும்படி விட்டோம். வீல் சிலிண்டர் மாற்றியதால் பிரேக் ஆயில் ஊற்றிக் காற்று எடுத்தோம். பெடலைப் பலமுறை மிதித்து, அட்ஜஸ்டர்கள் ஷூக்களை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவர விட்டோம். இரண்டு சக்கரமும் லேசாக உரசியும் உரசாமலும் சுற்றிய பிறகுதான் நட்டைத் தொட்டோம். லீவரைப் பலமாகப் பலமுறை இழுத்துவிட்டு, புதுக் கேபிளின் முதல் தளர்வை எடுத்து, ஆறு 'டக்' சத்தத்தில் நிறுத்தினோம். ஈக்குவலைசர் நேராக நின்றது. லீவரை இறக்கியதும் இரு சக்கரமும் சுதந்திரமாகச் சுற்றின. முதல் 'டக்'கிலேயே மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பின்விளைவு

பயணிகள் காரின் ஹேண்ட்பிரேக், முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் 13-எச் வாகன விதி. ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு அது. எங்களிடம் அளக்க ரோலர் இல்லை. பெரியவரின் பாத்திரங்களையே பின்பெட்டியில் ஏற்றி, அதே பாயா தெருபோங் தெருவுக்குப் போனோம். நியூட்ரலில், ஒருவர் கால் பிரேக் பெடலுக்கு மேலே தயாராக, இன்னொருவர் கையில் முட்டுக்கட்டை. மேடு நோக்கி நின்றது. திருப்பி இறக்கம் நோக்கி நிறுத்தினோம். எடை முன்னால் போய்ப் பின்சக்கரங்கள் லேசாவதால் இதுதான் கடினமான சோதனை. அப்போதும் நின்றது. பின்பெட்டியை அமுக்கிக் குலுக்கியும் பார்த்தோம்.

சில வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தோம், வந்தார். 'டக்' ஒன்று கூடியிருந்தது. புதுக் கேபிளும் ஷூவும் படிந்ததில் இது எதிர்பார்த்ததே. ஓட்டிவிட்டு வந்த சூட்டில் இரண்டு பின்சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தோம். சம அளவு வெதுவெதுப்பு. முன்பு வலதில் கை வைக்க முடிந்திருக்காது.

மாற்றிக்கொண்டவை

எங்கள் வேலைச் சீட்டில் 'ஹேண்ட்பிரேக் சரி' என்று ஒரே கட்டம் இருந்தது. இப்போது இடது, வலது என்று இரண்டு, ஒவ்வொன்றிலும் 'பிடிக்கிறதா', 'விடுகிறதா'. லீவர் உயரம் என்று யாராவது வந்தால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்காமல் நட்டில் ஸ்பேனர் வைப்பதில்லை. வண்டியை இரவில் எங்கே, எப்படி நிறுத்துகிறீர்கள் என்றும் கேட்கிறோம். இரண்டாம் வரிசை என்று பதில் வந்தால் கேபிளைக் கூடுதலாகக் கவனிக்கிறோம்.

பெரியவரால் அடுக்குமாடியின் பழக்கத்தை மாற்ற முடியாது. இரவில் இறங்குவதற்கு முன் லீவரை நாலைந்து முறை இழுத்து இறக்கிவிட்டுப் போகிறார். கம்பி ஓடிக்கொண்டாவது இருக்கும். மேட்டில் நிறுத்தும்போது முதலில் பெடலை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பெடலை விட்டு வண்டி நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் கியர் போடச் சொல்லிக் கொடுத்தோம். கியரை முதலில் போட்டுவிட்டால் பிடிப்பது ஹேண்ட்பிரேக்கா எஞ்சினா என்று தெரியாது. சுமை ஏற்றும்போது பின்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை. அது இப்போது கரண்டிகளோடு சேர்ந்து பின்பெட்டியிலேயே கிடக்கிறது.

மிச்சம் ஒரு வேலை உண்டு. இடது பின் ஆர்மில் கேபிளைப் பிடிக்கும் பட்டையும் துருவில் மெலிந்திருக்கிறது. துருவைச் சுரண்டி, வண்ணம் அடித்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறோம். புதிது கடைகளில் கிடைக்கவில்லை. பட்டையைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் இதற்கு ஹாஃப்-கட் கடை சரிதான். சொல்லி வைத்திருக்கிறோம், வந்ததும் மாற்ற வேண்டும்.